குறை பிடிக்கும் பாடம்

ஒரு நாள் விடியலில் அவர் முகத்தைக் கழுவுவதற்கு முன்பே பாதங்களைக் கழுவினார்.

சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவிக்குக் கையிலிருந்த டீ வடிகட்டி நழுவியது. தொழுகைக்கு முன் செய்கிற அந்தக் கழுவலுக்கு, ஒளூவுக்கு, ஒரு வரிசை உண்டு. மணிக்கட்டு வரை கைகள், வாய், மூக்கு, முகம், பிறகு முழங்கை வரை கைகள், ஈரக் கையால் தலையைத் தடவுவது, கடைசியில் பாதங்கள். ஓதப் போகிற சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் காலம் காலமாகச் சொல்லிக் கொடுக்கிற மனிதர், தன் வீட்டுக் குழாயடியில் காலில் தொடங்கி முகத்தில் முடித்தார். தலையைத் தொடவே இல்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஒன்றுமே நடக்காத மாதிரி உள்ளே போனார்.

"தலையைத் தடவினீங்களா?" என்று பின்னாலேயே போய்க் கேட்டாள்.

"தடவினேனே. ஏன்?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

தூக்கக் கலக்கம் என்று நினைத்துக்கொள்ள அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கழுவலை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். முதலில் கால், பாதி மட்டும் மடித்த சட்டைக் கை, வலது கைக்கு முன்னால் இடது கை, எல்லாம் அப்படியே அச்சு மாறாமல். பார்த்தது மட்டுமா, அவளே படம் பிடித்தது அது.

அவர் அந்தக் கல்லூரியில் இஸ்லாமியக் கல்வி விரிவுரையாளர். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு அவர் 'உஸ்தாத்'. அவள் அதே கல்லூரியில் கம்ப்யூட்டர் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறவள், எல்லாருக்கும் 'லேப் டீச்சர்'. பிள்ளை இல்லாத வீடு. வருடா வருடம் வந்து போகிற பயிற்சி மாணவர்களைத்தான் 'நம்ம பிள்ளைங்க' என்று இருவரும் சொல்லிக்கொண்டார்கள். காலையில் ஒரே ஸ்கூட்டரில் போய், சாயங்காலம் ஒரே ஸ்கூட்டரில் வருவார்கள். நடுவில் அவருக்குக் கரும்பலகை, இவளுக்குக் கணினி. "உன் பெட்டி" என்றுதான் அவர் கணினியைச் சொல்வார், ஏதோ அவள் பிறந்த வீட்டுச் சீதனம் போல.

பெட்டியோடு அவர் சமாதானமானதற்குக் காரணம் ஒரு பையன். பயிற்சிக்காகப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்பட்ட அந்தப் பையனின் கண் முன்னாலேயே ஒரு குழந்தை முழங்கை நனையாமல் ஒளூ செய்துவிட்டுப் போனது. பையன் சிரித்த முகத்தோடு "ரொம்ப நல்லது" என்று அதை அனுப்பிவைத்தான். வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த உஸ்தாத்துக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

"சரியானதை எல்லாரும் மனப்பாடம் பண்ணி ஒப்பிச்சிடுறாங்க," என்றார் அன்று இரவுச் சாப்பாட்டில். "தப்பைப் பார்த்தா தெரியல. தப்பு தெரியாதவன் என்ன வாத்தியார்? உன் பெட்டியில படம் காட்ட முடியுமா?"

"முடியும். யார் நடிக்கிறது?"

"நான்தான். வேற யாரு இருக்கா?"

அப்படிப் பிறந்ததுதான் குறை பிடிக்கும் பாடம். ஒவ்வொரு பாடத்துக்கும் இரண்டு படம். ஒன்றில் எல்லாம் சரியாக இருக்கும். மற்றொன்றில் வேண்டுமென்றே தப்புச் செய்வார். வகுப்பு இரண்டையும் பார்த்துவிட்டு, எது எந்த இடத்தில் பிசகியது என்று கை தூக்கிச் சொல்ல வேண்டும். ஸ்டூலின் மேல் அரிசி டப்பா, டப்பாவில் சாய்த்த போன், அவ்வளவுதான் ஸ்டூடியோ. குழாயடியில் ஒளூ, முன்னறைப் பாயில் தொழுகை, சாப்பாட்டு மேசையில் குர்ஆன் ஓதல். விடுமுறை முழுக்க இதே வேலையாக இருந்தார்கள். தப்புச் செய்வதில் அவருக்கு அப்படி ஒரு திறமை. கண்ணை மூடிக்கொண்டு பக்திமானாக முகத்தை வைத்துக்கொண்டு, அத்தனையும் கோளாறாகச் செய்வார். படம் பிடிக்கும்போது இவளுக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் போன் ஆடும். "திரும்ப எடு, நீ சிரிச்சது கேக்குது," என்று கடிந்துகொள்வார், அவரும் சிரித்துக்கொண்டே.

படங்களுக்குப் பெயர் வைக்க அவர் விடவில்லை. வெறும் எண்தான்.

"சரி, தப்புன்னு எழுதினா பசங்க படத்தைப் பார்க்க மாட்டாங்க, பேரைத்தான் பார்ப்பாங்க. எது எதுன்னு என் தலையில இருக்கு. போதும்."

"உங்க தலைக்கு பேக்கப் இருக்கா?"

"நீதான் பேக்கப்," என்றார்.

அப்போது இருவரும் சிரித்தார்கள்.

மறதி அதற்குச் சில காலம் கழித்து வந்தது. முதலில் ஸ்கூட்டர் சாவி, பிறகு மாணவர்களின் பெயர், பிறகு வீட்டுக்குத் திரும்புகிற தெரு. டாக்டர் ஸ்கேன் படங்களை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, இது மெதுவாகத்தான் போகும், ஆனால் போய்க்கொண்டேதான் இருக்கும் என்றார். பழகின வேலையை விடாமல் செய்யட்டும், அதுதான் அவரைப் பிடித்து வைத்திருக்கும் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தை இவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கல்லூரியில் யாரிடமும் மூச்சு விடவில்லை. வகுப்பு போய்விட்டால் அந்த மனிதரிடம் மிச்சம் என்ன இருக்கும்?

அதற்குப் பெட்டி தோதாக அமைந்தது. முன்பெல்லாம் மணிக்கணக்கில் பேசுகிறவர், இப்போது படத்தைப் போட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். எந்த நாளுக்கு எந்தப் படம் என்று காலையிலேயே இவள் வரிசைப்படுத்தி வைத்துவிடுவாள். மாணவர்கள் கை தூக்கிச் சொல்வதைக் கேட்டு "சரி, உட்காரு" என்றால் போதும். பிரின்சிபலுக்குத் தலைகால் புரியவில்லை. "இந்த வயசுல உஸ்தாத் என்னமா நவீனமாயிட்டார், பாருங்க" என்று போகிற இடமெல்லாம் சொன்னார். இவள் சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்புக்கு அவள் முகம் பழகிப்போயிருந்தது.

வீட்டிலும் அவர் படங்களைப் பார்ப்பது அவளுக்குத் தெரியும். தொழுகை நேரத்துக்குச் சற்று முன்னால் முன்னறைக் கணினியின் முன் உட்காருவார். வகுப்புக்குத் தயார் செய்கிறார் என்று நினைத்திருந்தாள். அந்த விடியலில்தான் புரிந்தது, அவர் தயார் செய்யவில்லை. மறந்துபோனதைத் தன்னிடமே கேட்டுப் படித்துக்கொண்டிருந்தார். எண் மட்டும் போட்ட படங்களில் எது சரி, எது தப்பு என்பது தெரியாமல், அகப்பட்டதைப் பார்த்து அதன்படி செய்துகொண்டிருந்தார்.

அன்றே அவர் குளிக்கப் போன நேரத்தில் வீட்டுக் கணினியிலிருந்து தப்புப் படங்களை எல்லாம் அழித்தாள். ஆனால் அவருக்குள் போனதை எப்படி அழிப்பது?

அதே வாரம் வேறு கல்லூரிகளிலிருந்து விருந்தாளிகள் வந்தார்கள். கணினி வைத்து மார்க்கக் கல்வி நடக்கிற அழகைப் பார்க்க வேண்டுமாம். பிரின்சிபல் புதுச் சட்டை போட்டிருந்தார். மழை பிடித்துக்கொண்டிருந்தது. மாணவர்களின் நனைந்த செருப்புகள் கூடத்தின் வாசலில் குவிந்து கிடந்தன. ஒளூ பாடத்துக்காகப் பிளாஸ்டிக் வாளி, குவளை, பெரிய தாம்பாளம் எல்லாம் வழக்கம்போல மேசை ஓரத்தில் இருந்தன. படம் பார்த்த பிறகு மாணவர்கள் செய்து பார்ப்பதற்கு. இவள் ப்ரொஜெக்டரைத் துடைத்து, சரியான படத்தை முதலில் வைத்து, இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாள். அவருடைய காலரைச் சரிசெய்துவிட்டாள். "நீங்க ஒண்ணும் பேச வேணாம். படம் பேசும்," என்று காதோடு சொன்னாள். அவர் குழந்தை மாதிரித் தலையாட்டினார்.

படம் தொடங்கி, திரையில் அவர் வாயைத் திறந்தபோது கரன்ட் போயிற்று. மேசைக்கு அடியில் யூ.பி.எஸ். கொஞ்ச நேரம் கத்தியது. பிறகு அதுவும் ஓய்ந்தது. புது பேட்டரி கேட்டுக் கேட்டு இவள் வாய் வலித்துப்போயிருந்த விஷயம் அது.

"கொஞ்சம் பொறுங்க சார், ஜெனரேட்டர் போடச் சொல்றேன்," என்று எழுந்தாள்.

"எதுக்கு டீச்சர்?" பிரின்சிபல் உற்சாகமாகக் கையை விரித்தார். "கரன்ட் போனா என்ன, உஸ்தாத் இருக்காரே. உஸ்தாத், நேரிலேயே செஞ்சு காட்டிடுங்க. நம்ம விருந்தாளிங்களும் பார்க்கட்டும்."

"சார், அவருக்குத் தொண்டை சரியில்ல."

"செய்யறதுக்குத் தொண்டை எதுக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். உஸ்தாத் இவளைப் பார்த்தார். பிறகு மெல்ல எழுந்து வாளியிடம் போனார்.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. "ஒளூன்னா வெறும் கழுவல் இல்ல," என்றார் அந்தப் பழைய, கம்பீரமான குரலில். "யார் முன்னாடி நிக்கப் போறோம்ங்கிற நினைப்பு முதல்ல வரணும்." அந்தக் குரலைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று. ஒரு நொடி அவளுக்கு நம்பிக்கைகூட வந்தது. அப்போது அவர் குனிந்து பேன்ட்டை மடித்து, தாம்பாளத்தில் கால் வைத்துத் தண்ணீர் ஊற்றினார்.

வகுப்பில் சிரிப்பு அலை போல ஓடியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவள் வகுப்புத் தலைவி. தொண்டை பெரிது என்பதால் அவளுக்கு 'மைக்' என்று பெயர். அவள் பக்கத்தில் இருந்தவளை இடித்து, "குறை பிடிக்கிறது நடக்குதுடி," என்றாள். அவளுக்கு அது ரகசியம், கூடத்துக்கே கேட்டது. எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். உஸ்தாத் இடது கையில் தண்ணீர் விட்டார். சட்டைக் கையைப் பாதி மடித்தார். முகத்தைக் கழுவினார். கண்ணை மூடி, பக்தியோடு, அத்தனையும் செய்து முடித்துவிட்டு நிமிர்ந்தார். அத்தனை பேரும் கை தூக்கியிருந்தார்கள்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னம்மா?" என்றார் மைக்கிடம்.

"கால் கடைசியில வரணும் உஸ்தாத், நீங்க முதல்ல கழுவிட்டீங்க."

கைதட்டல்.

"இடது கை முந்திடுச்சு உஸ்தாத்," என்றான் ஒருவன்.

"முழங்கை நனையவே இல்ல."

"தலையைத் தடவல உஸ்தாத். இந்த ஒளூவோட தொழுதா தொழுகை சேராது."

ஒவ்வொன்றுக்கும் கை தட்டினார்கள். விருந்தாளிகளில் மூத்தவர் பிரின்சிபலின் தோளைத் தட்டி, "அடேயப்பா, மனுஷன் கண்ணிமைக்காம நடிக்கிறாரே," என்றார். உஸ்தாத் தன் ஈரக் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். முடியிலிருந்து எதுவும் சொட்டவில்லை, முடி காய்ந்தே இருந்தது. அவர் கூடத்தின் கோடியில் நின்ற மனைவியைத் தேடிப் பிடித்துப் பார்த்தார். அவர் கேட்டது இவளுக்குப் புரிந்தது. இவர்கள் சொல்வதெல்லாம் நிஜமா என்று கேட்டார். அத்தனை பேருக்கு நடுவில் அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்று.

"சரி," என்றார் வகுப்பைப் பார்த்து. "நீங்க சொன்னது எல்லாம் சரி. ஒண்ணையும் விடல. உட்காருங்க."

பிறகு வாளியில் கையை நனைத்து, மெதுவாகத் தலையைத் தடவிக்கொண்டார். அதற்கும் கை தட்டினார்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டரை அவள்தான் ஓட்டினாள். இப்போதெல்லாம் அப்படித்தான். மழை விட்டிருந்தது. சாப்பாட்டு மேசையில் டீயையும் ரொட்டியையும் வைத்தாள். ரொட்டியைப் பிய்த்தார், வாயில் வைக்கவில்லை.

"எதுக்குக் கை தட்டினாங்க?"

"நல்லாப் பாடம் எடுத்தீங்க. அதான்."

"என்கிட்டயே பொய் சொல்லாத."

அவள் டீயை ஆற்றி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நான் சரியாத்தான் செய்யறேன்னு நினைச்சேன்," என்றார். "ஒரு சந்தேகம்கூட வரல. சந்தேகம் வந்திருந்தா உன்னைக் கேட்டிருப்பேன்ல."

"கரன்ட் போனதாலதான். படம் ஓடியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. நாளைக்கே பேட்டரி மாத்திடறேன். இனிமே நான் வகுப்புக்குள்ளயே நிக்கறேன், உங்க பக்கத்துல."

"எத்தனை நாளைக்கு நிப்ப?"

"நிக்கற வரைக்கும் நிக்கறேன்."

"இன்னைக்கு அவங்க பிடிச்சுட்டாங்க," என்றார். "அவங்களுக்குத் தெரிஞ்ச விஷயம், பிடிச்சுட்டாங்க. தெரியாத ஒண்ணை நான் தப்பாச் சொன்னா? உஸ்தாத் சொன்னார்னு எழுதிக்குவாங்க. எழுதிட்டுப் போய் எங்கேயோ ஒரு சின்னப் புள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பாங்க. அந்தப் புள்ளை சாகுற வரைக்கும் அப்படியே செய்யும். அதுக்கு நான்ல பதில் சொல்லணும்?"

"டாக்டர் என்ன சொன்னார்? வேலையை விடக்கூடாதுன்னு சொன்னார்ல? விட்டுட்டு இந்த வீட்ல உக்காந்து என்ன பண்ணுவீங்க?" அவள் மேசையில் கையை ஊன்றினாள். "என் பேரையாவது மறக்காம இருக்க வேணாமா?"

அவர் கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "மறந்தா நீ சொல்லு," என்றார். "ஆனா அந்தப் பசங்களுக்கு யார் சொல்லுவா?"

மறுநாள் பிரின்சிபலே அவர்களை அறைக்குக் கூப்பிட்டார். முகமெல்லாம் பல். எல்லாக் கல்லூரிகளுக்கும் உஸ்தாத் நேரில் போய் இந்தப் பாடத்தை நடத்திக் காட்ட வேண்டும் என்று விருந்தாளிகள் கேட்டிருந்தார்கள். டீ வந்தது. உஸ்தாத் கிளாஸைத் தொடவில்லை.

"சார், நேத்து நான் நடிக்கல," என்றார்.

"உஸ்தாத், விளையாடாதீங்க."

"இதுவும் நடிப்பு இல்ல சார்."

பிரின்சிபல் சிரித்த வாயோடு அவரைப் பார்த்தார். பிறகு இவளைப் பார்த்தார். இவள் குனிந்துகொண்டாள். அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகத்திலிருந்து இறங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பவும் துடைத்தார்.

"எத்தனை நாளா டீச்சர்?"

"நாளாச்சு சார்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார். கோபம் இல்லை, மனத்தாங்கல்தான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, "படங்கள் இருக்கே. புதுசா வர்றவர் அதை வெச்சு நடத்தட்டும். உஸ்தாத் பேர் அதுல இருக்கும். ஆனா எது சரி, எது தப்புன்னு குறிச்சு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"என் தலையிலதான் இருந்தது," என்றார் உஸ்தாத்.

"நான் பிரிச்சுத் தர்றேன் சார்," என்றாள் அவள்.

வகுப்புகள் முடிந்த பிற்பகலில் இருவரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். கணினிகளுக்கு மேல் தூசுத் துணி போர்த்தியிருந்தது. ஒன்றை மட்டும் திறந்தாள். ஒவ்வொரு படமாக ஓட்டி, எண்ணுக்குப் பக்கத்தில் 'சரி' அல்லது 'தப்பு' என்று தட்டினாள். அவர் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு, யாரையோ பார்ப்பது போல ஆவலாகத் தன்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா நடிக்கிறான்ல?" என்றார் ஒரு தடவை.

"யாரு?"

"அந்த ஆளு," என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். "தெரியும், தெரியும். நான்தான். உன்னைக் கேலி பண்ணேன்."

ஓதல் பாடங்கள் வந்தபோது ஒரு விஷயம் நடந்தது. திரையில் அவர் ஒரு வசனத்தில் நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தினார். இவள் சொல்வதற்கு முன்னால், "தப்பு," என்றார். அடுத்ததற்கும் பட்டென்று, "தப்பு. மூச்சு வாங்குறான் பாரு." அடுத்தது சரி என்றார், சரியாகவே இருந்தது. கழுவுகிற வரிசை போய்விட்டது, தெரு போய்விட்டது, வசனங்கள் போகவில்லை. காதும் நாக்கும் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தன. அவளுக்கு அழுகை வந்தது. தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஒளூ படத்தை ஓட்டினாள். திரையில் அவர் கால் கழுவத் தொடங்கினார். பின்னணியில் அவள் அடக்க முடியாமல் சிரிக்கிற சத்தம் லேசாகக் கேட்டது.

"யாரு சிரிக்கிறது?"

"நான்தான்."

"நல்லா இருக்கு," என்றார்.

கடைசியாக ஒரு படம் பாக்கி இருந்தது. தொழுகை யார் மேல் கடமை, யார் மேல் இல்லை என்கிற பாடம். அது இருப்பதையே அவள் மறந்திருந்தாள். சட்டென்று மூடிவிட நினைத்தாள். அதற்குள் திரையில் அவர் பேசத் தொடங்கிவிட்டார். சாப்பாட்டு மேசையில் கை கட்டி உட்கார்ந்து, பளிச்சென்ற முகத்தோடு, தெளிவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். வயதுக்கு வராத குழந்தை மேல் கடமை இல்லை. தூங்குகிறவர் மேல் எழுந்திருக்கிற வரைக்கும் இல்லை. புத்தி தவறிப்போனவர் மேல் இல்லை, அது திரும்பி வருகிற வரைக்கும். அவர் என்ன செய்தாலும், எதை விட்டாலும் வானவர்கள் கணக்கில் எழுத மாட்டார்கள். அவரைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

படம் முடிந்தது. திரையில் அந்த முகம் அப்படியே நின்றது. வெளியே யாரோ வராந்தாவைக் கூட்டுகிற சத்தம் கேட்டது.

"இது எனக்குத் தெரியல," என்றார் அவர். "நீ சொல்லு. இவர் சொல்றது சரியா, தப்பா?"

தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அவர் நம்பிவிடுவார். அவள் சொல்வதை இப்போது அவர் எல்லாவற்றிலும் நம்புகிறார். ஆனால் இது அவருடைய பாடம். இதில் பொய் கலக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"சரிதாங்க," என்றாள்.

"எழுது."

அவள் 'சரி' என்று தட்டினாள்.

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த விலக்கு என் மேல எப்ப வரும்?" என்று கேட்டார். "வந்தா எனக்குத் தெரியாதே. யார் சொல்லுவாங்க?"

"நான் சொல்றேன்."

"மறைக்காம சொல்லுவியா?"

"சொல்றேன்."

"இன்னைக்கா?"

"இன்னைக்கு இல்ல," என்றாள். "இன்னைக்கு இல்லீங்க."

அவர் நிம்மதியாக மூச்சு விட்டார். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, மேசை ஓரத்தில் இருந்த வாளியிடம் போனார். இரண்டு சட்டைக் கைகளையும் முழங்கைக்கு மேல் வரை மடித்துவிட்டுக்கொண்டார்.

"நேரமாச்சு. தண்ணி ஊத்து. ஒண்ணொண்ணாச் சொல்லு."

அவள் குவளையில் தண்ணீர் மொண்டாள். அவர் இடது கையை நீட்டினார். அவள் அதை மெல்லத் தள்ளிவிட்டு, வலது கையைப் பிடித்து அதில் தண்ணீரை விட்டாள்.

"முதல்ல இது," என்றாள்.

"முதல்ல இது," என்று அவர் திருப்பிச் சொன்னார்.